லாட்டரிக்காரனின் நாலாவது பிள்ளை

"நாலுல ஒண்ணுங்கிறீங்களா?" சனான் மறுபடியும் கேட்டான்.

"ஆமாண்ணே. ஆனா முழுசா கேளுங்க," என்றாள் நர்ஸ் ஒரதை. "உங்க ரத்தத்துல தலசீமியாங்கிற ரத்தசோகை வியாதியோட வித்து இருக்கு. புசபா ரத்தத்துலயும் இருக்கு. அதால உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, அவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. நம்ம பக்கத்துல பாதிப் பேர் அதை வச்சுக்கிட்டுத்தான் நாத்து நடுறாங்க. உங்க ரெண்டு பேரோடதும் ஒரே ரகமா இருந்தாத்தான் பிள்ளைக்குப் பயம். அப்பத்தான் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. என்ன ரகம்னு பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் போயிருக்கு. பதில் வர்ற வரைக்கும் நிம்மதியா இருங்க."

'இருந்தாத்தான்', 'அப்பத்தான்' என்ற சொற்களெல்லாம் சனானின் ஒரு காதில் நுழைந்து மறு காது வழியாக வெளியே போய்விட்டன. நாலில் ஒன்று மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். மூன்றும் நாள் முழுக்கக் குளத்தில் குதித்துவிட்டு வந்து ஆளுக்கொரு கூடை ஒட்டரிசிச் சோற்றைக் காலி செய்கிற உருப்படிகள். புசபாவின் வயிற்றில் இப்போது இருப்பது அடுத்தது.

"நர்ஸம்மா, மூணு நல்லபடியாப் பிறந்தாச்சு. அப்ப நாலாவதுதானே அந்த ஒண்ணு?"

"அப்படி எண்ணக் கூடாதுண்ணே. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா சீட்டு எடுக்கிற மாதிரி. போன தடவை என்ன வந்துச்சுன்னு சீட்டுக்கு ஞாபகம் இருக்காது."

இதைச் சனானிடம் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. கழுத்தில் பலகையை மாட்டிக்கொண்டு சந்தை, பஸ் நிலையம், விகாரை வாசல் என்று ஆண்டுக்கணக்கில் லாட்டரிச் சீட்டு விற்று வருகிறவன் அவன். அவன் பிழைப்பே ஒரு வாக்கியத்தில்தான் நடக்கிறது. "இந்த நம்பர் மூணு குலுக்கலா வரலை, இந்தத் தடவை வந்தே தீரும்." வீட்டுக்குக் கூரை போட்டதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அந்த வாக்கியம்தான். ஒரதையே அதை நம்பி எத்தனையோ சீட்டு வாங்கியிருக்கிறாள்.

"யார்கிட்ட சீட்டைப் பத்திச் சொல்றீங்க?" என்றான். "சீட்டுக்கு எல்லா ஞாபகமும் இருக்கும்."

"யோவ், எந்திரி," என்றாள் புசபா. பஸ் நிலையத்தில் கோழி சுட்டு விற்பவள் அவள். அடுப்பில் கரி போட்டுவிட்டு வந்திருந்தாள். "அவங்கதான் பொறுத்திருன்னு சொல்றாங்கல்ல?"

"முதல் மூணுக்கும் இதையெல்லாம் ஏன் நர்ஸம்மா சொல்லலை?"

"ஒவ்வொரு தடவையும் உங்க ரத்தம் வேணும்னு சொல்லிவிட்டோம். குலுக்கல் வாரம், வர முடியாதுன்னு நீங்கதான் சொல்லிவிட்டீங்க."

வெளியே வரும் வழியில், கதவு திறந்திருந்த ஓர் அறையில் ஒரு சிறுமி படுத்திருந்தாள். முகம் பழுத்த இலை நிறத்தில் இருந்தது. கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் அவள் படப் புத்தகத்தில் யானைக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அருகில் அவள் அம்மா லொங்கன் பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

சனான் கதவருகே நின்றான். "பாப்பாவுக்கு என்ன?"

"தலசீமியா. மாசாமாசம் வருவோம்."

"உங்களுக்கு இவ எத்தனையாவது?"

"முதல் பிள்ளை."

"அப்ப இனிமே மூணு பெத்துக்கலாம், பயமே இல்லை," என்றான் சனான், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து.

அந்தப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பழத்தை மகள் வாயில் வைத்தாள். சனானுக்குக் காது மடல் வரை சூடேறியது. வீடு போய்ச் சேரும் வரை அந்தச் சிறுமியின் கைதான் கண்ணில் நின்றது. அந்தக் கை தன் பிள்ளையின் கையாக மாறி மாறித் தெரிந்தது. மோட்டார் சைக்கிளை இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினான். பின்னால் உட்கார்ந்திருந்த புசபா, இரண்டு முறையும் "பெட்ரோல் இல்லையா?" என்று கேட்டாள்.

*

மறுநாள் காலையில் பலகையில் இருந்த சீட்டுகளில் நாலில் முடிகிற எல்லாவற்றையும் உருவி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினான். நாலைக் கண்ணால் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் காம் மாமா. அவர் ஊரின் சுகாதாரத் தொண்டர். நீலச் சட்டையும் ரத்த அழுத்தக் கருவியுமாக வீடு வீடாகப் போவார். தலசீமியா பற்றி அரசாங்கம் நடத்திய ஒரு நாள் வகுப்புக்கும் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டதால், அதற்கப்புறம் நடந்ததைத்தான் அவரால் சொல்ல முடியாது.

அழுத்தம் பார்த்தவர் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "டேய், இது உன் கையா, ரோடு போடுற இஞ்சினா?"

சனான் எல்லாவற்றையும் கொட்டினான். காம் மாமா கண்ணை மூடி யோசித்தார்.

"நாலாவதுக்குத்தானே வரும்? வயித்துல இருக்கறதை அஞ்சாவது ஆக்கிடு."

"எப்படி மாமா?"

"நடுவுல ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கோ. நல்லா வளர்ந்து, குண்டா, ஓடியாடுற பிள்ளையாப் பார்த்து மகளா ஏத்துக்கோ. அது நாலு. அதுக்கு ஏற்கெனவே ஒண்ணும் இல்லைன்னு கண்ணுக்கே தெரியுது. இனிமே எங்கேருந்து வரும்? வயித்துல இருக்கறது அஞ்சு. கணக்கு முடிஞ்சுபோச்சு."

சனானுக்கு அழுகையே வந்துவிட்டது. காம் மாமாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அரசாங்கம் சும்மாவா வகுப்பு நடத்துகிறது என்று தோன்றியது.

நூடுல்ஸ் கடை வினாய் அவனுடைய பள்ளிக்கூடத்துத் தோழன். வினாய்க்குப் பிங் என்று ஒரே மகள். நாலு வயது. கன்னம் இரண்டும் வேகவைத்த உருண்டை போல் இருக்கும்.

"உன் மகளை என் மகளா ஏத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசைடா," என்றான் சனான்.

வினாய் உருகிப்போனான். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாழையிலைக் கூம்பு செய்து, பூ வைத்து, அவித்த முட்டை வைத்து, பெரியவர்களை அழைத்துப் பிங்கின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். சனான் கட்டிய நூல்தான் தடிமனாக இருந்தது. மூன்று முடிச்சு போட்டான். புசபாவும் சந்தோஷமாக வந்து நூல் கட்டினாள். தன் புருஷனுக்குப் பிள்ளைகள் மேல் இவ்வளவு பாசமா என்று அவளுக்கே வியப்பு.

சாப்பாட்டின் போது அரிசிச் சாராயம் சுற்றி வந்தது. இரண்டு கோப்பை உள்ளே போனதும் வினாய் சனானின் தோளில் கை போட்டான்.

"என்னடா திடீர்னு என் மக மேல இவ்வளவு பாசம்?"

சனான் நல்லவன். சாராயம் குடித்தால் இன்னும் நல்லவன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான்.

வினாயின் மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப உன் பிள்ளைக்கு வர வேண்டியதை என் பிள்ளை தலையில ஏத்தத்தான் இந்த நூலா?"

"இல்லம்மா, இவளுக்கு வராது. இவதான் குண்டா இருக்காளே."

"எடுடி கத்திரிக்கோலை!" என்று வினாய் மனைவியிடம் கத்தினான்.

முதலில் நூல் அறுந்தது. அடுத்து நட்பு அறுந்தது. பிங் மட்டும் இன்னொரு முட்டை கேட்டு அழுதாள்.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் புசபா சொன்னாள்: "என் வயித்துல இருக்கறதுக்கு ஒரு அப்பன் இருக்கான்னு நினைச்சேன். இருக்கறது ஒரு பைத்தியம்."

*

விஷயம் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. ஊரில் நாலாவதாகப் பிறந்தவர்கள் எல்லாம் கண்ணாடியில் முகம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் பிரசோங்கும் அவருடைய அம்மாவுக்கு நாலாவது. கூட்டத்தில் அவர் இருமினால் நாலு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்று அவர் சனான் வீட்டுக்கே வந்து கத்தினார். "எனக்கு அறுபது வயசாகுது. என் பொண்டாட்டி நேத்துலேருந்து என் தட்டைத் தனியா வச்சுக் கழுவுறா!"

இது போதாதென்று, ஊர் சனங்களுக்கு வேறொரு யோசனையும் வந்தது. சனானை இவ்வளவு ஆட்டி வைக்கிற எண் சாதாரண எண்ணாக இருக்க முடியாது. எல்லோரும் நாலு கேட்டு வந்தார்கள்.

"நாப்பத்து நாலு இருக்கா சனான்?"

"இல்லை."

"பதினாலு?"

"நாலே இல்லை. ஏழு வாங்கிக்கோங்க, ஏழு மூணு குலுக்கலா வரலை..." என்று ஆரம்பித்தவன், தன் வாக்கியத்தைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்திவிட்டான்.

சனங்கள் நேராகப் போட்டிக் கடைக்காரன் சுதினிடம் போய் வாங்கினார்கள். குலுக்கல் நாளன்று ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தது. கடைசி இரண்டு எண் நாற்பத்து நாலு என்று அறிவித்ததும் எழுந்த கூச்சல் பக்கத்து ஊர் வரை கேட்டிருக்கும். சுதின் பட்டாசு வெடித்தான். ஊர்த்தலைவரின் மனைவி புருஷனுடைய தட்டை மறுபடியும் மற்றத் தட்டுகளோடு சேர்த்து வைத்தாள். நன்றி சொல்ல ஆளுக்கொரு வாழைச் சீப்போடு எல்லோரும் சனான் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"உன்னாலதான்யா! இன்னும் ஏதாச்சும் பயம் இருந்தா எங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும், ஆமா."

சனான் வாழைப் பழங்களுக்கு நடுவில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். இனி சந்தேகமே இல்லை. நாலு விழித்துக்கொண்டுவிட்டது. ஊருக்கெல்லாம் பணமாக வந்த நாலு, அவன் வீட்டுக்கு மட்டும் வேறு விதமாக வரப்போகிறது. கோழி வெட்டிக்கொண்டிருந்த புசபாவின் வயிற்றைப் பார்த்தான். உள்ளே இருப்பதற்கு இது எதுவும் தெரியாது. நிஜமாகவே பயந்தான். பிள்ளைக்காகப் பயந்தான். ஒரு அப்பனாக அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

விகாரைக்கு ஓடினான். மூத்த பிக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, "நர்ஸ் சொல்றதைக் கேளுப்பா," என்றார்.

"சாமி, நர்ஸுக்கு எண்ணத் தெரியலை."

"உனக்குத் தெரியுதா?"

"அது ஒண்ணுதான் சாமி எனக்குத் தெரியும்."

பிக்கு நீர் தெளித்து அனுப்பிவிட்டார். போகிறபோது, நாற்பத்து நாலுக்குப் பிறகு என்ன எண் வரும் என்று வாசல் பெருக்குகிறவர் கேட்டார்.

*

வழி சொன்னது சம்லி அக்காதான். பக்கத்து வீட்டுக்காரி. ஆள் ஆலமரம் மாதிரி, குரலும் அப்படித்தான். ஐந்து பிள்ளைகள், ஐந்தும் வெளியூரில் வேலை.

"நோஞ்சான் பிள்ளை பிறந்தா அந்தக் காலத்துல என்ன பண்ணுவாங்க?" என்றாள். "பிள்ளையை வித்துடுவாங்க. பேய் பிசாசு தேடி வந்தா, இது எங்க பிள்ளை இல்லை, வித்தாச்சுன்னு சொல்லிடலாம். என் மூணாவதையே எங்க சித்திக்கு வித்துத்தான் வளர்த்தேன். இப்ப எண்பது கிலோ இருக்கான்."

சனானின் மூளை கிறுகிறுவென்று சுற்றியது. விற்றுவிட்டால் அது அவனுடைய நாலாவது இல்லை. யாருக்கு விற்பது என்பதுதான் கேள்வி. மூன்று பிள்ளை உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, அங்கேயும் நாலாவது ஆகிவிடும். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு விற்றால் முதலாவது. ஆனால் அந்த ஆஸ்பத்திரிச் சிறுமியும் முதலாவதுதானே! ஐந்து உள்ளவளுக்கு விற்றால் ஆறாவது. ஆறு நல்ல எண். சாதுவான எண். ஆறு யாரையும் கெடுத்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை.

"அக்கா, நீங்களே வாங்கிக்குங்க."

"வாங்கிட்டாப் போச்சு. ஆனா ஊரறிய வாங்கணும். பிசாசு காதுலயும் விழணுமில்ல?"

மறுநாள் காலை, பஸ் நிலையத்தில் புசபா கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. ஊர்த்தலைவர் பிரசோங் நீர்ப்பாசன அறிவிப்பையும் நாய்க்கடி ஊசி அறிவிப்பையும் படித்து முடித்தார்.

"அடுத்து ஒரு முக்கிய அறிவிப்பு. நம்ம ஊர் லாட்டரி சனான், தன் மனைவி வயித்துல இருக்கிற பிள்ளையை, சம்லி அக்காவுக்கு ஒரு பாட் காசுக்கு இன்னிக்கு வித்துட்டார். இந்தப் பிள்ளை இனிமே சம்லியோடது. ஆவி, பேய், பிசாசு, வியாதி யாராயிருந்தாலும் விசாரணையை அங்கே வச்சுக்கவும். எல்லாருக்கும் வணக்கம்."

அதற்குப் பின்னால் சம்லி அக்காவின் குரலும் கேட்டது. "ஆமா! என்னோடதுதான்! ஒண்ணு வாங்கியிருக்கேன்! ஒரு பாட் குடுத்துட்டேன்!"

புசபா கையில் இடுக்கியோடு வீடு வரை நடந்தே வந்தாள். சனான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"வெளியே வா."

"இடுக்கியைக் கீழே வை, வர்றேன்."

"நான் சுமக்கிறதை என்னைக் கேக்காம வித்தியா? ஒரு பாட் காசுக்கா? ஒரு கோழிக்கால் என்ன விலை தெரியுமா உனக்கு?"

"புசபா, பயந்துபோய்ப் பண்ணிட்டேன்." என்றான். "அந்த ஆஸ்பத்திரிப் பாப்பா கையைப் பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் தெரியலை."

புசபா இடுக்கியைத் தாழ்த்தினாள். அவளும் அந்தக் கையைப் பார்த்திருந்தாள். ஆனால் அதைப் பற்றிப் பேசினால் அடுப்பு எரியாது, கோழி வேகாது, மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போகாது என்று பேசாமல் இருந்தாள்.

"எனக்கும் பயம்தான்யா," என்றாள். "அதுக்காக நான் யாரையும் விக்கலை."

அன்றிலிருந்து சனானுக்குப் படுக்கை வெளியில் ஊஞ்சல் துணியில் என்று ஆனது. கொசு அதிகம். ஆனால் மனசுக்கு நிம்மதி.

நிம்மதி ஒரு வாரம் கூட நிலைக்கவில்லை. சம்லி அக்கா வாங்கின பொருளைச் சும்மா விட்டு வைக்கிற ஆள் இல்லை. காலையில் வந்து உட்கார்ந்தால் இருட்டின பிறகுதான் போவாள்.

"புசபா, பப்பாளிக்காயை இடிச்சுச் சாப்பிடாதே. என் பிள்ளைக்கு ஆகாது."

"எனக்கு ஆசையா இருக்கு அக்கா."

"உனக்கு ஆசையா இருக்கலாம். உள்ள இருக்கறது என்னோடது."

புளித்த மீன் போயிற்று. மிளகாய் போயிற்று. மோட்டார் சைக்கிளில் உட்காருவது போயிற்று. அடுப்புச் சூடு பிள்ளைக்குப் படுகிறது என்று சம்லி அக்கா தானே கடையில் நின்று கோழி சுட ஆரம்பித்தாள். சுட்டதில் பாதியை அவளே தின்றாள். வாடிக்கை குறைந்தது. பிள்ளைக்குப் பெயர் கூட வைத்துவிட்டாள்.

"காசைத் திருப்பிக் குடுத்து விஷயத்தை முடி," என்று புசபா ஊஞ்சல் துணியை உலுக்கினாள்.

"திருப்பிக் குடுத்தா மறுபடியும் நாலாவது ஆயிடும்!"

"அப்ப நீயும் அவ வீட்டுக்கே போயிடு. உன்னை நான் சும்மாவே தர்றேன்."

*

பதில் வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது சம்லி அக்காதான் முதலில் கிளம்பி நின்றாள். "சொந்தக்காரி வராம எப்படி?" என்றாள். மூன்று பேரும் நர்ஸ் ஒரதையின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். புசபாவின் கை மடியில் இறுகியிருந்தது.

ஒரதை தாளைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல சேதி. அண்ணே, உங்களோட வித்து ஒரு ரகம். புசபாவோடது வேற ரகம். ரெண்டும் சேர்ந்தாலும் அந்தப் பெரிய வியாதி ஆகாது. இந்தப் பிள்ளைக்கும் வராது, இனிமே எத்தனை பெத்துக்கிட்டாலும் வராது. உங்க வீட்டுக்கு நாலுல ஒண்ணுங்கிற கணக்கே கிடையாது."

புசபா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சம்லி அக்கா தின்ற பாதிக் கோழியும், பப்பாளிக்காயும், ஒலிபெருக்கியும், எல்லாமே அந்த அழுகையில் போய்விட்டன. எழுந்து சனானின் தோளில் சாய்ந்தாள்.

சனான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தான். ஆனால் அவன் முகத்தில் வியப்பே இல்லை. எல்லாம் தெரிந்தவனின் புன்னகைதான் இருந்தது.

"எனக்கு முன்னாடியே தெரியும் நர்ஸம்மா. போன மாசமே வேண்டியதைப் பண்ணிட்டோம்."

"என்ன பண்ணினீங்க?"

"வித்துட்டோம்."

சம்லி அக்கா பெருமையாக மாராப்பைச் சரிசெய்துகொண்டாள். ஒரதை கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் போட்டாள்.

"அண்ணே, இது உங்க ரத்தத்துல பிறந்ததிலேருந்து இருக்கறது. வித்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ரத்தம் எடுத்ததே நீங்க விக்கறதுக்கு முன்னாடி."

"எடுத்தது முன்னாடி. பதில் வந்தது எப்போ?"

"இப்ப."

"வித்ததுக்கு அப்புறம்தானே?"

ஒரதை தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். அந்த மாதம் அவளும் அவனிடம் ஏழாம் நம்பர் சீட்டு வாங்கியிருந்தாள்.

"சரி, வாங்க," என்றாள். "முதல் ஸ்கேன் இன்னிக்கே எடுத்துடலாம்."

ஸ்கேன் அறையில் இளம் டாக்டர் ஒருத்தி புசபாவின் வயிற்றில் கருவியை வைத்து உருட்டினாள். சம்லி அக்கா முண்டியடித்துத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். சனான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் அவன் பயமில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அடுத்த குலுக்கலுக்கு நாலில் முடிகிற சீட்டுகளை மறுபடியும் பலகையில் வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் கருவியை நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள். திரையருகே குனிந்தாள்.

சனானின் கைகள் பிரிந்து முன்னால் வந்தன. "என்னங்க டாக்டர்? ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"ரெண்டு பேருன்னா... பிள்ளையும் அம்மாவுமா?"

"இல்லைங்க. ரெட்டைப் பிள்ளை. இதோ ஒரு தலை, இதோ இன்னொரு தலை."

புசபா அழுதுகொண்டே சிரித்தாள். ஒரதை கைதட்டினாள். டாக்டர் இரண்டு இதயத் துடிப்புகளையும் சத்தமாக வைத்துக் காட்டினாள். அறை முழுக்கக் குதிரை ஓடுகிற மாதிரி ஓசை நிறைந்தது. சனான் மட்டும் அசையாமல் நின்றான். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு உலர, சம்லி அக்காவின் பக்கம் திரும்பினான்.

"என்னை ஏன் தம்பி பார்க்கிற?" என்றாள் சம்லி அக்கா. "நான் காசு குடுத்து வாங்கினது ஒண்ணுதான், ஊரே கேட்டுச்சு. இன்னொண்ணு உன்னோட நாலாவது."